ஊட்டியில் பார்த்தது பெஸ்தாரி ஜெயாவில் ஏன் பட்டுப்போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை முடிந்தால் நர்சரிகளில் ஒரே மாதிரி விசாரிப்புதான். கேமரன் மலையில் வாங்கிய ஹைட்ரேஞ்சியா ஏன் வாடுகிறது, ஊட்டி தாவரவியல் பூங்காவில் பார்த்த பூப்பாத்தியை வீட்டு முன்னால் போட என்ன செலவாகும், பெங்களூர் லால்பாக்கில் இருப்பதுபோல் புல்வெளி அமையுமா என்று கைப்பேசியில் படத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் செடியைப் பார்க்கிறவர்கள் அது நிற்கும் உயரத்தையும் அங்கே பெய்யும் மழையையும் பார்ப்பதில்லை. தோட்ட வடிவமைப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விவரங்களை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். பெங்களூர்கூட 900 மீட்டர். நம் பெஸ்தாரி ஜெயா (பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) சிலாங்கூர் ஆற்றோரத் தாழ்நிலம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். செடிக்குப் பகல் வெயிலைவிட இரவுக் குளிர்தான் பெரிய கணக்கு. ஹைட்ரேஞ்சியா மொட்டுப் பிடிக்கப் பல வாரங்களுக்கு 18 பாகைக்குக் குறைந்த இரவுகள் வேண்டும். நம்மூர் இரவு 23, 24 பாகையில் நிற்கிறது. ஆகவே மலையிலேயே பிடித்து வந்த பூ உதிர்ந்ததும் இலை மட்டும் வரும். பூக்கவில்லையே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், வேர் அழுகும். அதை ஒரு மாதப் பூங்கொத்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

அதற்காக வெளியூர்ச் செடி எதுவும் இங்கே ஆகாது என்பதல்ல. நம் வயிற்றைக் கழுவிய இரண்டு மரங்களுமே வெளியூர்தான். பால்மரம் (ரப்பர்) பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்கா வழியாக 1877-இல் சிங்கப்பூர் வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மலாயாவுக்கு முதலில் அலங்கார மரமாகத்தான் வந்தது. அதை வணிகப் பயிராக முதலில் நட்டது நம்மூர்த் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். இரண்டும் பிழைத்ததற்குக் காரணம், அவற்றின் தாய்மண்ணும் நம்மைப்போல நிலநடுக்கோட்டை ஒட்டிய, வெப்பமும் ஈரமும் நிறைந்த தாழ்நிலம் என்பதுதான். காகிதப்பூவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் அது வறண்ட மாதங்கள் உள்ள நிலத்துச் செடி. அதனால் இங்கே நன்றாக வளரும், மழை தொடர்ந்தால் இலையைக் காட்டும், இரண்டு மூன்று வாரம் காய்ந்தால்தான் பூக்கும். தரையில் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று உரம் போடுவதைவிடத் தொட்டியில் வைத்துத் தாழ்வாரத்து ஓரத்துக்கு நகர்த்தி, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்துவதே வழி.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் ஒரு பூங்காவைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். எவ்வளவு உயரம்? வருடத்தில் எத்தனை மாதம் மழையே இல்லை? பெய்த தண்ணீர் எங்கே போகிறது? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம்மூர்க்காரர்கள் படம் எடுத்து வர வேண்டிய பூங்கா என் கருத்தில் தைப்பிங் ஏரிப் பூங்கா. தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் அது ஒன்று. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880-களில் ஏரிகளாக மாற்றிய இடம். நம் பக்கமும் ஈயக் குட்டைகள் நிறைந்த பூமிதானே. அங்கே தண்ணீருக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்ச நிலத்தில்தான் மரம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து மல்லிப் பதியன், கறிவேப்பிலைக் கன்று என்று பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண்ணோடு வரும் நூற்புழுவும் பூஞ்சையும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

இனி நம் மழைக்கு வருவோம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே ஒரு மழைக்காலம். அக்டோபர், நவம்பர் பெரிய மழைக்காலம். இடையில் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் காய்ச்சல், அதாவது மழை குறைந்து நிலம் காயும் காலம். தோட்டத்துப் பெரியவர்கள் பால்மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை வைத்தே கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு இப்போது அடிக்கடி தவறுகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அது இறங்கும்போது சேர்ந்தாற்போல் இறங்குகிறது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூர் வெள்ளத்தில் பட்டபாடு மறக்கக்கூடியதல்ல. மறுபக்கம் 1997-98, 2015-16, 2023-24 எல் நினோ காய்ச்சல்கள். பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவான 40.1 பாகை இன்னும் பலருக்கு நினைவிருக்கும். அதாவது ஒரே முற்றம் ஒரே வருடத்தில் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்க வேண்டும். முன்பு பூங்காவைப் பூவை வைத்துத் திட்டமிட்டோம். இப்போது தண்ணீரை வைத்துத் திட்டமிட்டு, பூவைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். வீடு வாங்கியதும் முதல் வேலையாக முன்முற்றம் முழுக்க சிமெண்ட் போடுகிறார்கள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 20 அடிக்கு 20 அடி முற்றம் ஏறக்குறைய 37 சதுர மீட்டர். கூரையின் முன்பாதி இன்னொரு 37. வடிகால் நீர்ப்பாசனத் துறை மணிக்கு 60 மி.மீ.-க்கு மேல் பெய்தால் மிகக் கனத்த மழை என்று வகைப்படுத்துகிறது. அப்படி ஒரு மணி நேரம் பெய்தால் ஒரு வீட்டின் முன்பக்கத்திலிருந்து மட்டும் சுமார் 4,400 லிட்டர் லோங்காங்கில் (சாலையோரச் சாக்கடையில்) இறங்கும். ஒரு வரிசையில் 20 வீடு என்றால் வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம். லோங்காங் நிரம்பித் திரும்புகிறது என்று நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவதற்கு முன் சொந்த முற்றத்தைப் பார்ப்பது நல்லது.

கார் நிறுத்த சிமெண்ட் வேண்டும் என்றால் சக்கரம் ஓடும் இரண்டு பட்டை போதும், ஒவ்வொன்றும் 2 அடி அகலம். நடுவிலும் ஓரத்திலும் துளைக்கல் பதித்துப் புல் விடலாம். அடியில் 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் வடிகட்டித் துணி, அதன்மேல் ஓர் அங்குலம் கரடுமுரடான ஆற்று மணல், பிறகு கல். இதில் அடிக்கடி கெடுவது மணல்தான். குத்தகைக்காரர் மலிவாக இருக்கிறதென்று குவாரித் தூளைப் போடுவார். அது நனைந்து காய்ந்து இறுகிவிடும். கல் துளையாக இருந்தும் தண்ணீர் இறங்காது. மணலைக் கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கை விரித்தால் உதிர வேண்டும், கட்டியாக நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

கூரைத் தண்ணீருக்கு மழைப்பாத்தி போடலாம். முதலில் மண் எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க வேண்டும். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலால் பாருங்கள். 25 மி.மீ. அல்லது கூடுதலாக இறங்கினால் நல்ல மண். 10 மி.மீ.-கூட இறங்கவில்லை என்றால் களிமண். அங்கே பள்ளப் பாத்தி போட்டால் கொசுக் குட்டைதான் மிஞ்சும். நம்மூரில் இரண்டும் உண்டு. ஈயம் அலசிய மணல்மேட்டில் கட்டிய தாமானில் தண்ணீர் ஊற்றிய வேகத்தில் காணாமல் போகும். சேறு படிந்த பழைய குட்டைப் பக்கம் நாள் கணக்கில் நிற்கும். பக்கத்து வீட்டு மண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம், உங்கள் குழியை நீங்களே வெட்டுங்கள்.

மண் குடிக்கிறது என்றால், வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடி தள்ளி, 2 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில், 20 செ.மீ. பள்ளமாகப் பாத்தி எடுக்கலாம். கீழே சொல்லும் வழிவாய் வரை அது சுமார் 900 லிட்டர் பிடிக்கும்; கூரையின் முன்பாதியில் விழும் ஏறக்குறைய 25 மி.மீ. மழைக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் பெய்வது வழிந்தோட, கரையைவிட 2 அங்குலம் தாழ்வாக லோங்காங் பக்கம் ஒரு வாய் வெட்டி, மண் அரிக்காமல் அதில் கல் பதியுங்கள். பள்ளத்தின் அடிமண்ணை இன்னும் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, ஆறு பங்கு கரடு மணலுக்கு இரண்டு பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம் கலந்து அந்த ஒரு முழத்தை மட்டும் நிரப்பலாம். தேங்கிய தண்ணீர் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் இறங்கிவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் ஆகும் என்பதால் இரண்டு நாள் கெடு பாதுகாப்பானது. பள்ளத்துக்குள் கல்வாழை, பாண்டான், சேம்பு. கரைமேல் வெட்டிவேரும் செரையும் (எலுமிச்சைப்புல்). வெட்டிவேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், காய்ச்சலிலும் சாகாது.

களிமண்காரர்கள் பள்ளம் எடுக்காமல் மேடு போட வேண்டும். நம் வீடுகளில் வேண்டிய முருங்கை, கறிவேப்பிலை, மல்லி மூன்றுக்குமே ஈரத்தில் நிற்கும் கால் பிடிக்காது. ஒன்றரை அடி உயரம், 4 அடி அகலம் மேடு போதும். நம் மண் புளிப்பு, பி.எச். அளவு 4-க்கும் 5-க்கும் இடையில் இருப்பது சாதாரணம். சதுர மீட்டருக்கு 200 கிராம் ஜி.எம்.எல். (மக்னீசியம் கலந்த) சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறி, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பிறகு உரம் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் உரத்திலுள்ள தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும், மூக்கைத் துளைக்கும் நெடியே சாட்சி. தொட்டிக்கு அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மெல்லிய மண்ணுக்கும் கல்லுக்கும் இடையில் தண்ணீர் நின்றுவிடும், வேர் இருக்கும் இடத்துக்கே ஈரம் ஏறும். துளையை மூட ஒரு சல்லடைத் துண்டு போதும்.

முருங்கையைப் பொதுவாகக் கிளை வெட்டி ஊன்றுகிறோம். மழை மாதத்தில் ஊன்றிய கிளை அடியில் அழுகும். பிழைத்தாலும் வேர் மேலாகவே ஓடும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலை வரும் சுமத்ராக் காற்று முதலில் சாய்ப்பது அந்த மரத்தைத்தான். விதை போட்டால் ஆணிவேர் இறங்கும், ஆறு மாதம் பொறுத்தால் போதும். கறிவேப்பிலையில் ஒரு சிறிய பூச்சி தங்கும். அதுதான் எலுமிச்சை, லிமாவ் மரங்களுக்குப் பச்சை நோயைக் கடத்துகிறது. ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து நடாதீர்கள். மல்லிக்கு 6 மணி நேர வெயில் வேண்டும். ஆண்டு இறுதி மழை ஓயும்போது தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டிவிட்டால் ஜனவரி காய்ச்சலில் புதுத் தளிரோடு மொட்டும் வரும். மாமரமும் காய்ச்சலில்தான் பூக்கும். பூத்தபின் மழை பிடித்தால் பூங்கொத்து கறுத்து உதிர்வது பூஞ்சையால். கொத்தின்மீது நிழல் விழாதபடி உட்கிளைகளை முன்கூட்டியே கழித்துவிட்டால் சேதம் குறையும்.

தோட்டத்து ஊரில் இருப்பதில் ஒரு பெரிய வசதி செம்பனை வெறுங்குலை. ஆலையில் காய் உதிர்த்தபின் மிஞ்சுவது. லோரிக்காரர்களிடம் கேட்டால் கிடைக்கும். சாம்பல் சத்து நிறைந்தது, மண்ணை மூடினால் காய்ச்சல் காலத்தில் ஈரம் வாரக்கணக்கில் தங்கும். ஆனால் இதைப் போடுகிறவர்களில் பாதிப்பேர் தவறாகப் போடுகிறார்கள். மலிவாக வந்ததென்று மூலையில் குவித்து வைப்பார்கள். குவியல் மக்கும்போது காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிடும். நான்கைந்து மாதத்தில் வண்டு பறந்து வீட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டை கத்தரித்ததுபோல் முக்கோணமாக வெட்டுண்டிருந்தால் குற்றவாளி அதுதான். குலையை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று கூடாது. தண்டிலிருந்து ஒரு சாண், வீட்டுச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரையான் நேராக உள்ளே நடக்கும். புதுக்குலை மக்கத் தொடங்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். பரப்பும் முன் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி கோழிச்சாணத் தூள் தூவினால் அந்தத் தொல்லை வராது.

தோட்டத்துச் சாலையோரம் வெள்ளையாகக் காலை எட்டு மணிக்கு விரியும் தெர்னேராவையும், இளஞ்சிவப்புக் கொடிரோஸையும் எல்லாரும் பார்த்திருப்போம். அழகுக்காக நட்டவை அல்ல. செம்பனை இலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்குத் தேன் கொடுக்க நிர்வாகங்கள் நடுகின்றன. உரமும் தண்ணீரும் கேட்காமல் செம்மண்ணில் வருடம் முழுக்கப் பூக்கும் செடிகள். நர்சரியில் விலை கொடுத்து வாங்கும் மலைப்பூவைவிட வேலியோரத்துக்கு இவை எவ்வளவோ மேல். கத்தரிக்காமல் விட்டால் கொடிரோஸ் பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏறிவிடும், அவ்வளவுதான் அதன் குறை.

புல்லைப் பற்றிச் சுருக்கமாக: நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்குக் கௌ கிராஸ், முழு வெயிலும் நல்ல வடிகாலும் உள்ள இடத்துக்கு மட்டும் ஜப்பான் புல். லால்பாக் புல்வெளி வேண்டும் என்பவர்கள் அதற்கு எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

காய்ச்சலில் தண்ணீர் ஊற்றுவதிலும் திருத்தம் வேண்டும். தினமும் சாயந்தரம் குழாயால் இலையை நனைப்பதால் மண்ணின் மேல் அரை அங்குலம்தான் ஈரமாகும், வேரும் மேலேயே தங்கும். வாரம் இரண்டு முறை, விடிகாலையில், சதுர மீட்டருக்கு 10 முதல் 12 லிட்டர் அடியில் ஊற்றினால் வேர் கீழே இறங்கும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை மூன்று நாள் தொடர்ந்து 35 பாகைக்கு மேல் போனால் முதல் நிலை வெப்ப எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த அறிவிப்பு வந்தால் உரம், கிளை வெட்டு, இடம் மாற்றி நடுதல் மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.

கோயில் வளாகத்திலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் நடக்கும் ஒரு காரியத்தை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றுக்குப் பயந்து மரத்தின் தலையை மொட்டையாக வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் பத்துப் பதினைந்து கிளை ஒன்றாகத் துளிர்க்கும். அவை பட்டையோடு ஒட்டி நிற்குமே தவிர மரக்கட்டைக்குள் வேர்விட்டவை அல்ல. இரண்டு மூன்று வருடத்தில் கனம் ஏறி, அடுத்த சுமத்ராக் காற்றில் அவைதான் முதலில் ஒடியும். பயப்பட வேண்டிய மரத்தை உண்டாக்குவதே இந்த வெட்டுதான். மொத்தக் கிளைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் போகாமல், கிளை தொடங்கும் கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளி வெட்டினால் காற்று ஊடே போகும், மரமும் நிற்கும். கிளைக்குக் கீழே முதலில் ஒரு பாதி வெட்டு கொடுங்கள், இல்லாவிட்டால் விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

மரம் நட நினைக்கும் பள்ளி வாரியங்களும் ஆலய நிர்வாகங்களும் இனி மாதத்தைப் பார்த்து நடாமல் மண்ணைப் பார்த்து நடலாம். அக்டோபர் வந்தும் 6 அங்குல ஆழம் ஈரமாகவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். மண் சேறாக ஒட்டினாலும் குழி வெட்டக்கூடாது, மண்வெட்டி இழுத்த பக்கங்கள் பூசினாற்போல் மூடி, வேர் வெளியே வராது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வானிலைச் செய்தியில் “ஆங்காங்கே இடியுடன் மழை” என்ற வரி எங்களுக்கு உதவாது. வடிகால் நீர்ப்பாசனத் துறை நிலையவாரியாக மழை அளவை இணையத்தில் வெளியிடுகிறது. அதிலிருந்து கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், கோல லங்காட், கிந்தா, கீழ்ப்பேராக், கோல மூடா போன்ற நம்மவர்கள் நிறைந்த மாவட்டங்களின் சென்ற வார அளவை மி.மீ.-இல் ஞாயிறு பதிப்பில் ஒரு சிறு கட்டமாகப் போட்டால், எந்த வாரம் நடுவது, எந்த வாரம் தண்ணீர் ஊற்றுவது என்று வாசகர்களே முடிவு செய்வார்கள். வீட்டில் அளக்க விரும்புகிறவர்கள் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பால் டின் ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, மழை விட்டதும் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்க்கலாம். பார்த்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டிங்கிச் சோதனைக்கு வருகிறவர்கள் மழைமானி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
தோட்ட வடிவமைப்பாளர் ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.